சாமி தோட்டத்தில் ஒரு மணி நேரம்

சபரிமலையைச் சுற்றியுள்ள பதினெட்டு மலைகளும் ஐயப்பனின் பூங்காவனம் என்பது ஐதிகம். வனத்துறைக்கு அது பெரியாறு புலிகள் காப்பகம். யானையும் மிளாவும் திரிகிற அந்தக் காட்டுக்குள்தான் கார்த்திகையிலும் மார்கழியிலும் லட்சக்கணக்கான சாமிமார் ஏறி இறங்குகிறார்கள்.

அந்த ஐதிகத்தையே பிடித்துக்கொண்டு 2011இல் தொடங்கியது ‘புண்ணியம் பூங்காவனம்’. கேரளக் காவல்துறை அதிகாரி பி.விஜயன் முன்னெடுத்த இயக்கம். மலைக்கு வருகிறவர்கள் ஒரு மணி நேரமாவது துப்புரவுப் பணி செய்யுங்கள் என்று கேட்டது. இது சாமியின் தோட்டம் என்று சொன்னதும், அதுவரை குப்பையைத் தாண்டிப் போனவர்கள் குனிந்து எடுத்தார்கள். சட்டம் சொல்லிக் கேட்காதவர்களும் பக்திக்குக் கட்டுப்படுவார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

எனக்கு வாய்த்தது பம்பைக் கரையில் துணி பொறுக்கும் வேலை. மணல் ஏறிப்போன வேட்டியை உருவ ஓர் ஆள் போதாது, அவ்வளவு கனம். இழுத்தால் கூடவே ஒரு துண்டு, பன்னீர் பாட்டில், மஞ்சள்பொடி ஒட்டிய பாலிதீன் உறை. உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் பாவம் தொலையும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! ஆசாரத்தில் அப்படி எதுவும் கிடையாது என்று தேவஸ்வம் போர்டே சொல்லிவிட்டது. உயர் நீதிமன்றமும் தடை போட்டது. பிளாஸ்டிக் கதை இன்னும் கொடுமை. செத்துப்போன மிளாவின் வயிற்றிலிருந்து அதை எடுத்திருக்கிறார்கள்.

தொண்டர்கள் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவோம். சீசன் முழுக்க அங்கேயே தங்கிக் கூட்டி அள்ளுகிறவர்கள் ‘விசுத்தி சேனா’ தொழிலாளர்கள். பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர்கள். நம் ஊர்ச் சாமிகள் வீசியதை நம் ஊர்க்காரர்களே அள்ளுவதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

அந்தக் குப்பையில் பெரும்பகுதி இருமுடிக்குள் வைத்து நாமே சுமந்து போவது. கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் வேண்டாம் என்று தந்திரியே 2024இல் அறிவுறுத்தினார். ஆனாலும் பூஜைக் கடையில் எல்லாம் அடங்கிய ‘செட்’ தொங்கத்தான் செய்கிறது.

எங்கள் குருசாமி அதை வாங்கவில்லை. மஞ்சளையும் விபூதியையும் காகிதத்தில் மடித்தார்.

“பன்னீர் இல்லாமலா சாமி?” என்றார் ஒரு கன்னிசாமி.

“நெய் இருக்கு, அரிசி இருக்கு. ஐயப்பனுக்கு இது போதும். தேங்காயை எடுங்க சாமி.”