முள் சொன்ன வாத்து

தொலைந்த சிறகுகள் – 9

ஹவாயின் ஈரக்காடுகளில் சயானியா என்றொரு செடிப் பேரினம் இருக்கிறது. அதில் சில வகைகள் குருத்தாக இருக்கும்போது தண்டிலும் இலையிலும் முள்ளாக நிற்கும். ஆளுயரத்தை நெருங்கியதும் முள் குறையும், இலையின் வடிவமே மாறிவிடும். ஆடு மேய்கிற ஊரில் இது பெரிய விஷயமில்லை. ஆனால் ஹவாய், பசிபிக் நடுவே எரிமலை கக்கி எழுந்த தீவுக்கூட்டம். மனிதர் போய்ச் சேரும்வரை அங்கே ஆடு, மான், முயல் எதுவும் கிடையாது. நிலத்துப் பாலூட்டி என்று சொல்ல வௌவால் மட்டும்தான். அதுவும் பூச்சி தின்பது. அப்படியானால் இந்த முள் யாருக்காக?

பதில் எலும்பாகக் கிடைத்தது. சென்ற வாரம் பார்த்த டோடோவுக்கு ஓவியம் உண்டு, மாலுமிகள் எழுதிய குறிப்பு உண்டு. இந்த வாரப் பறவையைக் கண்டு எழுதியவர் ஒருவர்கூட இல்லை. 1970களின் தொடக்கத்தில் மொலோகாய் தீவின் மணற்குன்றுகளில், காற்று அரித்து வெளியே தெரிந்த எலும்புகள் உள்ளூர்ப் பெண்மணி ஒருவரின் கண்ணில் பட்டன. அவை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போயின. 1976இல் ஸ்டார்ஸ் ஓல்சனும் அலெக்சாண்டர் வெட்மோரும் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். வெட்மோருக்கு அப்போது வயது 90. ஹவாயின் பெரிய தீவில் எரிமலைக் குழம்புக்கு அடியில் கிடைத்த எலும்புகளை வைத்து 1943இலேயே ஒரு வாத்தினப் பறவையை விவரித்தவர் அவர். முப்பது வருடத்துக்கு மேல் கழித்து அடுத்த துப்பு தன் மேசைக்கே வந்து சேர்ந்ததை நினைத்துப் பார்த்திருப்பார்.

பிறகு ஓல்சனும் ஹெலன் ஜேம்ஸும் தீவு தீவாகத் தோண்டினார்கள். ஓவாஹுவில் சுண்ணாம்புப் பாறைக் குழிகள். மௌயியில் எரிமலைக் குழம்பு ஓடி வடிந்தபின் மிஞ்சிய குகைகள். கூரை இடிந்த குகைக்குள் தவறி விழுந்த பறக்காத பறவை மேலே ஏற வழியில்லை. அங்கேயே செத்து, எலும்பு பத்திரமாகக் கிடந்தது. 1991இல் இருவரும் ஒரே மூச்சில் 32 புதிய பறவையினங்களை அறிவித்தார்கள், அத்தனையும் அழிந்துபோனவை. மொலோகாய் பறவையையும் அதன் உறவினங்களையும் சேர்த்து மோவா-நாலோ என்று அழைத்தார்கள். இதுவரை தெரிந்த இனங்கள் நான்கு.

பெரிய வாத்தைவிடப் பெரிய உடல், கனத்த கால், பெயருக்கு ஒரு சிறகு. அலகுதான் விசேஷம். மூன்று இனங்களுக்கு அலகின் ஓரத்தில் பல்லைப் போன்ற எலும்பு முனைகள். காவாய் தீவின் இனத்துக்கு மட்டும் ஆமை வாயைப் போலக் குட்டையான, உயரமான அலகு. பார்வைக்கு எல்லாமே பெருந்தாரா. ஆனால் ஆண் வாத்துகளின் குரல்பெட்டியில் இருக்கும் எலும்புக் குமிழ் இவற்றுக்கும் இருந்தது. 1999இல் பழைய எலும்பிலிருந்து எடுத்த டி.என்.ஏ. அதை உறுதிசெய்தது: குளத்தில் தலைகுப்புறக் கவிழ்ந்து இரை தேடும் சாதாரண வாத்துகளின் நெருங்கிய சொந்தம் இது. எப்போதோ பறந்துவந்து இறங்கிய வாத்து, மேய ஆளில்லாத காட்டில் ஆடாக மாறிவிட்டது.

அது என்ன தின்றது என்பதற்கும் சான்று இருக்கிறது. மௌயியின் குகை ஒன்றில் அதன் காய்ந்த எச்சமே கிடைத்தது. ஜேம்ஸும் டேவிட் பர்னியும் அதைக் கரைத்துப் பார்த்து 1997இல் எழுதினார்கள்: மீனில்லை, நத்தையில்லை, இலைதான். அதிலும் பெரணி மிகுதி.

சயானியாவின் முள்ளை இந்த மேய்ச்சலோடு இணைத்தது 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வு. குறைந்தது நான்கு முறை தனித்தனியாக அந்தச் செடிகளில் முள் தோன்றியிருக்கிறது என்று அது கணக்கிட்டது. இது கருதுகோள்தான்; முள்ளைக் கடித்த அலகை இனி யாரும் பார்க்க முடியாது. பெரிய தீவில் மோவா-நாலோ எலும்பே கிடைத்ததில்லை, ஆனாலும் முள் சயானியா அங்கும் வளர்கிறது என்று ஒருவர் மறுக்கலாம். அந்தத் தீவில் பறக்காத ஒரு ராட்சதப் பெருந்தாரா இருந்தது என்பது அதற்குப் பதில். எனக்கு இந்த வாதம் பிடிபடுகிறது. வேறு யாரும் மேயாத இடத்தில் வேறு காரணம் தேடுவதுதான் சிரமம்.

முடிவு சுருக்கமானது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாலினீசியர்கள் தோணிகளில் வந்தார்கள். பன்றி, நாய், எலி கூடவே வந்தன. பறக்கத் தெரியாத ஐந்தாறு கிலோ இறைச்சி எத்தனை நாள் தாங்கும்? 1778இல் கேப்டன் குக் வந்தபோது ஒன்றும் மிச்சமில்லை. பின்னால் வந்திறங்கிய ஆடுகளுக்கும் மான்களுக்கும் அந்த முள் ஒரு பொருட்டே அல்ல. சயானியா வகைகள் பல இன்று அழிவின் விளிம்பில்.

காவாயின் மக்காவாஹி குகையில் தோண்டியபோது ஆமை வாய் வாத்தின் எலும்புகள் பர்னிக்குக் கிடைத்தன. குகையைச் சுற்றி உள்நாட்டுச் செடிகளை நட்டு வளர்க்கும் அவர், இடையே மண்டும் அயல் புல்லை மேய ஆப்பிரிக்காவின் பெரிய சல்காட்டா ஆமைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார், வாத்தின் வேலையைப் பார்க்க.

(தொடரும்)