கழிவுக் குவியலுக்குள் கோபால்ட்: கசேசே சொல்லும் பாடம்

பித்தளைச் சட்டி கறுத்துப்போனால் எங்கட வீடுகளில் பழப்புளியோ தேசிக்காயோ போட்டுத் தேய்ப்பார்கள். சற்று நேரத்தில் சட்டி பளபளக்கும். மேலே படிந்திருந்த செம்பு ஒட்சைட்டைப் புளியின் அமிலம் கரைத்துவிடுகிறது; கழுவி ஊற்றும் தண்ணீரோடு அது போய்விடுகிறது. நமக்கு அது அழுக்கு. உண்மையில் அந்தத் தண்ணீரில் கரைந்திருப்பது உலோகம். சுரங்கக் கழிவிலிருந்து அமிலத்தைக் கொண்டு உலோகம் எடுக்கும் தொழிலும் இதே அடிப்படையில்தான் நடக்கிறது. கல்லுக்குள் இருப்பதை முதலில் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். பிறகு தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும்.

இதை விளங்கிக்கொள்ள உகண்டாவின் மேற்கு எல்லைப் பக்கம் போக வேண்டும். அங்கே றுவென்சோரி மலையடிவாரத்தில் கிலெம்பே என்ற செப்புச் சுரங்கம் 1956இல் உற்பத்தியைத் தொடங்கி, 1980களின் தொடக்கத்தில் நின்றுபோனது. செப்புத் தாதுவோடு இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டு என்ற கனிமமும் ஏராளமாக வந்தது. செம்பைப் பிரித்த பின்னர், அந்தப் பைரைட்டைக் கீழே கசேசே நகரத்துக்கு அருகில் கொண்டுவந்து கொட்டினார்கள். அப்படிச் சேர்ந்தது ஏறத்தாழ பத்து இலட்சம் தொன். அதற்குள் கோபால்ட் நூற்றுக்கு 1.4 பங்கு அளவில் இருந்தது. சுரங்கங்களில் வெட்டியெடுக்கும் பல கோபால்ட் தாதுக்களிலும் இவ்வளவு கிடைப்பதில்லை.

அந்தக் குவியல் சும்மா கிடக்கவில்லை. பைரைட்டின் மேல் காற்றும் மழைத்தண்ணீரும் பட்டால் அதிலுள்ள கந்தகம் சல்பூரிக்கமிலமாக மாறுகிறது. அமிலம் உலோகங்களைக் கரைத்துக்கொண்டு தாழ்ந்த நிலத்தை நோக்கி ஓடும். கசேசேக்கு அடுத்து இருப்பது எலிசபெத் மகாராணி தேசிய பூங்கா. அதற்கப்பால் மீன்பிடிக் கிராமங்கள் உள்ள ஜோர்ஜ் ஏரி. மழைநீர் ஓடிய பாதை நெடுகிலும் புல் பூண்டு கருகி, பூங்காவுக்குள் ஒரு மொட்டைத் தடம் விழுந்தது.

இப்படிக் கனிமத்திலிருந்து வடியும் உப்புகள் பழைய காலத்தவருக்கும் தெரிந்தவைதான். நாட்டு மருந்துக் கடைகளில் மயில்துத்தம் என்றும் அன்னபேதி என்றும் விற்கப்படுபவை செம்பினதும் இரும்பினதும் சல்பேற்று உப்புகளே. அரபு இரசவாதிகள் இவ்வகையை 'ஸாஜ்' என்றார்கள். அல்-ராஸி கனிமங்களை வகைப்படுத்தியபோது இவற்றுக்குத் தனி வகுப்பே ஒதுக்கினார்.

அவர்கள் அறியாத ஒன்று 1947இல் தெரியவந்தது. நிலக்கரிச் சுரங்கத்தின் அமிலத் தண்ணீரில், இரும்பை ஒட்சியேற்றி அந்தச் சக்தியில் உயிர்வாழும் பற்றீரியா இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. பற்றீரியா இல்லாவிட்டாலும் பைரைட்டு கரையும். ஆனால் மிக மெதுவாக. பற்றீரியா சேர்ந்தால் வேலை பல மடங்கு வேகமாகும். நிலத்தைக் கருக்கிய அதே வேலையைத் தொட்டிக்குள் அடைத்துச் செய்தால் என்ன என்பதுதான் கசேசேயில் எழுந்த யோசனை. 1999இல் அங்கே ஆலை இயங்கத் தொடங்கியது.

அரைத்துச் சலித்தே கோபால்ட்டைப் பிரிக்க முடியாதா? முடியாது. கோபால்ட் அங்கே தனி மணியாகக் கிடக்கவில்லை. பைரைட்டுப் பளிங்கில் இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் கோபால்ட் அமர்ந்திருந்தது. எவ்வளவு அரைத்தாலும் சலித்தாலும் அது பிரியாது. பைரைட்டையே சிதைத்தால்தான் கோபால்ட் வெளியே வரும்.

ஆகவே பைரைட்டை மாவாக அரைத்து, தண்ணீரில் கலந்து, பெரிய தொட்டிகளில் விட்டார்கள். காற்றை ஊதி, கலக்கிக்கொண்டே, 42 பாகை செல்சியஸ் அளவில் வெப்பத்தை வைத்தார்கள். வேலை நடக்க நடக்கச் சூடு தானாக ஏறுவதால், தொட்டிகளைக் குளிர்விக்கத்தான் வேண்டியிருந்தது. அமிலமும் பைரைட்டிலிருந்தே உண்டாயிற்று. சில நாட்களில் பைரைட்டின் பெரும்பகுதி கரைந்துவிடும்.

அடுத்த கட்டம் பிரித்தெடுப்பது. கரைசலில் கோபால்ட்டை விட இரும்புதான் பன்மடங்கு அதிகம். சுண்ணாம்புக்கல் தூளைப் போட்டு அமிலத்தன்மையைக் குறைத்தால், முதலில் இரும்பு படிந்து கீழே இறங்கும். கோபால்ட் தண்ணீரிலேயே நிற்கும். பிறகு செம்பு, நாகம் முதலியவற்றை விலக்கி, இரசாயனக் கரைப்பானால் கோபால்ட்டை மட்டும் பிரித்தெடுத்து, மின்சாரம் பாய்ச்சித் தகடாகப் படியவைப்பார்கள். மின்கலங்களுக்கும் ஜெற் இயந்திரக் கலப்புலோகங்களுக்கும் உலகம் தேடுகிற கோபால்ட் அதுதான்.

2013 வாக்கில் குவியல் தீர்ந்தது. ஏரிப் பக்கம் அமிலம் வடியவிட்டுக்கொண்டிருந்த மலை இல்லாமல் போனது. நாட்டுக்கு ஏற்றுமதி வருமானமும் கிடைத்தது. இது சின்ன விசயமல்ல.

ஆனாலும் கணக்கு அத்தோடு முடியவில்லை. கரைத்தெடுத்த இரும்பும் சுண்ணாம்பும் சேர்ந்த சேறு புதுக் கழிவாக மிஞ்சியது. அதையும் காலமெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். உலகச் சந்தையில் கோபால்ட் விலை விழுந்தபோது ஆலையே சில காலம் மூடிக் கிடந்தது. விலை விழுந்தால் சுத்தப்படுத்தலும் நின்றுவிடும் என்பதை அந்த இடைவெளி காட்டியது.

அதைவிட முக்கியமானது மேலே நியாம்வாம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடக்கும் மற்றைய கழிவு. அதில் உலோகம் குறைவு. எடுத்தால் செலவுக்குக் கட்டாது. ஆகவே அது அங்கேயே கிடந்தது. 2013இலும் 2020இலும் ஆறு பெருகியபோது கிலெம்பேயின் வீடுகளும் மருத்துவமனையும் பாதிக்கப்பட்டன. வெள்ளம் கழிவுக் கரைகளையும் அரித்துக்கொண்டு போனது. அந்த மண்ணில்தான் மக்கள் மரவள்ளியும் மரக்கறியும் பயிரிடுகிறார்கள்.

அமிலக் கரைப்பு நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் இலாபம் உள்ள குவியலை மட்டுமே அது தேடிப் போகும். இலாபமில்லாத குவியலுக்கு யார் பொறுப்பு என்பதை, சுரங்கத்துக்கு அனுமதி கொடுக்கும் அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும். சுரங்கம் மூடியபிறகு கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது. ஆற்றோரத்தில் குடியிருப்பவர்கள்தான் மிஞ்சுவார்கள்.