தணிகை மலையும் பழவேற்காட்டுக் கழியும்

திருத்தணியைப் பற்றி நம் தேசத் தொண்டர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. 1953-ஆம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது, சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அப்பால் சென்றது. அதை மீட்பதற்காக ம. பொ. சிவஞானமும், மங்கலங்கிழாரும், அவர்களுடன் நின்ற தொண்டர்களும் நடத்திய கிளர்ச்சியை வட எல்லைக் கிராமங்கள் நன்கறியும். படாஸ்கர் தீர்ப்பின் பயனாக 1960-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி நம்மிடம் வந்து சேர்ந்தது. செங்கற்பட்டு ஜில்லாவின் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. மண்ணைப் பற்றிய வழக்கு அவ்வளவில் தீர்ந்தது. ஆனால் மண்ணுக்காக அத்தனை பாடுபட்ட நாம், அந்த மண்ணில் ஓடும் தண்ணீரைப் பற்றியும், அத்தண்ணீர் போய்ச் சேரும் கரையில் குடியிருக்கும் ஜனங்களைப் பற்றியும் என்ன கவலை கொண்டோம்? இக்கேள்வியையே இன்று நேயர்கள் முன் வைக்கிறோம்.

திருத்தணிப் பக்கத்தில் ஓடும் நந்தியாறு கொசஸ்தலையாற்றில் கலக்கிறது. அந்த ஆறு பூண்டியில் தேங்கிச் சென்னை நகரத்தாரின் தாகத்தைத் தணிக்கிறது. சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தியின் முயற்சியால் எழுந்த நீர்த்தேக்கம் அது. 1944-இல் வேலை முடிந்தபோது அதைக் கண்டு மகிழ அவர் உயிரோடில்லை. முந்திய வருஷமே மறைந்துவிட்டார். பூண்டியைத் தாண்டிய ஆறு எண்ணூர்க் கழியை அடைந்து கடலில் விழுகிறது. எண்ணூரிலிருந்து வடக்கே உப்பங்கழியும் பக்கிங்ஹாம் கால்வாயும் நம்மைப் பழவேற்காட்டு ஏரிக்கு அழைத்துச் செல்கின்றன. 1997-இல் திருவள்ளூர் ஜில்லா அமைந்ததுமுதல், மேற்கே தணிகை மலையும் கிழக்கே பழவேற்காடும் ஒரே ஜில்லாவின் இரு கோடிகளாக விளங்குகின்றன. ஆயினும் மலைக்கு லட்சக்கணக்கில் யாத்திரை போகும் நாம், அந்தக் கரையை ஒரு நாள் பொழுதுபோக்குக்கு மட்டுமே நினைக்கிறோம்.

பழவேற்காட்டில் காண்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லுவோம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகைக்கு அடுத்தபடியாகப் பெரியது இதுவே. சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஏரியின் பெரும் பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது, தென்கோடி நம்முடையது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டைத் தீவு நீண்டு கிடக்கிறது. 1971-இல் முதல் ராக்கெட் கிளம்பிய அத்தீவிலிருந்துதான் 2023-ஆம் வருஷம் ஜூலை 14-ந் தேதி சந்திரயான்-3 புறப்பட்டது. மழைக்காலந்தொட்டு மாசி, பங்குனி வரையில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து ஆழமற்ற நீரில் நின்று இரை தேடும் காட்சி கண்கொள்ளாதது. தமிழ்நாட்டின் பாகம் 1980 முதல் பறவைகள் சரணாலயமாக இருந்து வருகிறது.

சரித்திரத்தை விரும்புவோருக்கும் இங்கே குறைவில்லை. ஒல்லாந்தர் 1613-இல் ஜெல்டிரியா என்னும் கோட்டையை இங்கே எழுப்பினர். 1690 வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை ஸ்தலம் இதுவே. இப்பிரதேசத்தில் நெய்த துணி கடல் கடந்து சென்றது. மலாய் நாட்டில் இன்றும் ஒருவகைக் கைலிக்குப் பழவேற்காட்டின் பெயரே வழங்குகிறது. துணியோடு மனிதர்களும் சரக்காக ஏற்றப்பட்டனர். இக்கரையில் விலைக்கு வாங்கப்பட்ட நம்மவர்களை ஒல்லாந்தக் கப்பல்கள் பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கொண்டு சென்றன. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை இடிந்து புதர் மண்டிக் கிடக்கிறது. எலும்புக்கூடுகள் செதுக்கிய வாயிலையுடைய ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டமோ தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும், சமயேசுவரர் கோயிலும், பெரிய பள்ளிவாசலும், மகிமை மாதா ஆலயமும் ஒரே ஊரில் அருகருகே நிற்கின்றன. இவற்றையெல்லாம் நம் மாணவர்கள் பார்க்கத்தான் வேண்டும். அந்நியன் கட்டிய கோட்டையின் இடிபாட்டைவிடச் சிறந்த சரித்திர பாடம் வேறு எங்கே கிடைக்கும்?

ஆனால், பார்க்கப் போகிறவன் எந்த மனப்பான்மையோடு போகிறான் என்பதே விஷயம். திருத்தணிக்குப் போகிறவன் அடிவாரத்திலேயே செருப்பைக் கழற்றுகிறான். 365 படிகளை ஏறுகிறான். அவ்விடத்தின் நியமத்துக்குத் தானே அடங்குகிறான். டிசம்பர் 31-ந் தேதி நடைபெறும் படித் திருவிழாவின் வரலாறு நேயர்கள் அறிந்ததே. புது வருஷப் பிறப்பன்று வெள்ளைக்கார துரைகளின் பங்களா வாசலில் காத்துக் கிடந்த நம்மவர்களைத் தணிகை வேலனிடம் திருப்பியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். யாத்திரை என்பது மனிதனை நிமிரச் செய்யக்கூடியது என்பதற்கு அதுவே அத்தாட்சி. இதற்கு நேர்மாறாக, கடற்கரைக்குப் போகிற உல்லாசப் பிரயாணி அந்த இடமே தன் இஷ்டத்துக்கு அடங்க வேண்டும் என்று நினைக்கிறான். படகு வேண்டுமென்றால் உடனே வரவேண்டும். முகத்துவாரத்தைத் தாண்டிப் போகவேண்டுமென்றால் போயே தீரவேண்டும். தின்றதன் மிச்சத்தையும் பிளாஸ்டிக் பைகளையும் ஏரியிலேயே எறிந்துவிட்டு வருகிறான்.

இந்த மனப்பான்மைக்கு நாம் கொடுத்த விலை சாமான்யமன்று. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழிக்கப் பழவேற்காட்டுக்கு வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். மாண்டவர்களில் குழந்தைகளும் உண்டு. அதன் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. தடை விதிப்பது எளிது. ஆனால் ஊருக்கு வருகிறவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களை நம்பிப் பிழைக்கும் ஏழைகளும் இருக்கிறார்கள். ஒழுங்கான வழி அடைபட்டால் ஒழுங்கற்ற வழி திறக்கும். அனுமதிச் சீட்டும், ஏற்றத்தக்க ஆள் கணக்கும், உயிர்காப்புச் சட்டையும், காற்றும் நீரோட்டமும் அறிந்த படகோட்டியும் இருந்தால் ஒழிய எந்தத் தடையும் ஓர் உயிரையும் காப்பாற்றாது.

காற்றும் நீரோட்டமும் அறிந்தவர்களைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. ஏரிக்கரைக் குப்பங்களிலேயே அவர்கள் இருக்கிறார்கள். அங்கே ‘பாடு’ என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஏரியில் இறால் நிறையக் கிடைக்கும் இடங்களை எவரும் தம் சொந்தமென்று கொள்ளுவதில்லை. எந்த நாளில் எவர் எந்த இடத்தில் வலை கட்டலாமென்பதைக் குப்பத்தார் சீட்டுப் போட்டு, முறை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை வேறிடம். பணக்காரனுக்கு ஒரு நியாயம், ஏழைக்கு ஒரு நியாயம் என்பது அங்கே இல்லை. சர்க்கார் சட்டம் எதுவும் இயற்றாத காலத்திலேயே ஜனங்கள் தாமாகச் செய்துகொண்ட சுயராஜ்யம் இது என்று சொன்னால் மிகையாகாது. இதிலும் குறை உண்டென்பதை நாம் மறைக்கவில்லை. பரம்பரையாக வந்த வகுப்பாருக்கே பாட்டில் இடம் உண்டு. ஆதிதிராவிடரும் இருளரும் அதற்குப் புறம்பே நின்றனர். ஏற்றுமதியால் இறாலின் விலை ஏறியதும், பிழைப்புத் தேடி ஏரியில் இறங்கிய மற்ற வகுப்பாருக்கும் பழைய உரிமையாளருக்கும் பூசல்கள் விளைந்தன. எனவே நீதி விரிவடைய வேண்டும் என்பது உண்மை. ஆயினும், பொதுச் சொத்தைப் பங்கிட்டு வாழ்வது எப்படியென்பதில் இவர்களுக்கு நகரத்தார் கற்றுக்கொடுக்க வேண்டியது மிகக் குறைவே.

இவர்களுடைய ஜீவனம் முகத்துவாரத்தைப் பொறுத்தது. கடலில் பிறக்கும் இறாற்குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. கோடையில் மணல் சேர்ந்து வாய் அடைபட்டால் குஞ்சுகள் உள்ளே வருவதில்லை. ஏரியின் நீர் வற்றி உப்பு ஏறுகிறது. படகுகள் கடலுக்குப் போக வழியில்லை. மழைக்காலத்திலோ வெள்ளம் வடிய வழியில்லை. ஆகையால்தான் முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்கவேண்டுமென்று மீனவர்கள் பல வருஷங்களாக முறையிட்டு வந்தனர். கல்லணைகள் கட்டி அதை நிலைப்படுத்தும் வேலையைச் சர்க்காரும் மேற்கொண்டனர். இது நல்ல காரியம். ஆனால் மணல் ஒருமுறை அள்ளியதோடு நின்றுவிடும் பொருளன்று. வருஷந்தோறும் கவனித்து வந்தால்தான் செய்த வேலை நிலைக்கும்.

தெற்கேயிருந்து வரும் ஆபத்து இன்னும் பெரிது. எண்ணூர்ப் பக்கத்தில் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் எழுந்துள்ளன. அவற்றால் தேசத்துக்கு வெளிச்சமும் வர்த்தகமும் கிடைக்கின்றன என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் சாம்பல் கழியில் படிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர்க் கழியில் பரவிப் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது. திருத்தணிப் பக்கத்து மழைநீர் கடலைச் சேரும் வாயில் அதுவே என்பதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும். மேலும், சுமார் 330 ஏக்கரில் அமைந்த காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் யோசனை எழுந்தது. அதன்மீது நடத்த இருந்த பொதுஜன விசாரணை 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் ஒத்திவைக்கப்பட்டது. மீனவர்களின் அச்சம் காரணமற்றதன்று. நம் கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகருகிறது. நடுவே கடலுக்குள் சுவர் எழுப்பினால் தென்புறத்தில் மணல் குவியும். வடபுறத்தில் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியபின் அதற்கு வடக்கேயுள்ள ராயபுரம், திருவொற்றியூர்க் கரைகள் அடைந்த கதியே இதற்குச் சாட்சி. பழவேற்காடு காட்டுப்பள்ளிக்கு வடக்கே அல்லவா இருக்கிறது?

இவ்வளவையும் சொன்னபின், செய்ய வேண்டியதையும் நாம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். முதலாவது, பழவேற்காட்டைக் காண வருவோருக்கான படகுத் தொழிலைக் குப்பத்து மீனவரின் கூட்டுறவுச் சங்கத்திடம் ஒப்புவித்து, அனுமதியும் பரீட்சையும் ஏற்படுத்த வேண்டும். கரையில் தங்கும் விடுதிகளைக் கட்டி லாபத்தை நகரத்துக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு நமக்கு வேண்டாம். இரண்டாவது, 1991-இல் முதன்முதல் வெளிவந்து 2011-லும் 2019-லும் திருத்தப்பட்ட கடற்கரை ஒழுங்கு விதிகளைக் கிராமத்தாருக்குத் தமிழில் விளக்கி, அவர்கள் வலை உலர்த்தும் இடமும், படகு நிறுத்தும் இடமும், வீட்டு மனையும் படத்தில் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். படத்தில் இல்லாத உரிமை நாளை நிலத்திலும் இல்லாமற் போகும். மூன்றாவது, ஏரியின் நடுவே போகும் எல்லைக் கோட்டை மீனும் பூநாரையும் அறியா. ஆகவே தமிழ்நாடும் ஆந்திரமும் சேர்ந்து ஏரியைப் பராமரிக்க ஒரு பொதுச் சபை காண வேண்டும். 1983-இல் கிருஷ்ணா நீரைப் பற்றி இரு ராஜ்யங்களும் உடன்படிக்கை செய்துகொள்ள முடிந்தது; 1996-இல் அந்நீர் பூண்டிக்கு வந்து சேரவும் முடிந்தது. குடிநீருக்குச் சாத்தியமான ஒற்றுமை ஏரிக்கு மட்டும் சாத்தியமாகாதோ?

எல்லைக் கிளர்ச்சியில் சிறை சென்ற தொண்டர்கள் ஒரு துண்டு பூமிக்காக மட்டும் போராடவில்லை. அந்தப் பூமியில் வாழும் ஜனங்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே நிர்வகிக்க வேண்டுமென்பதற்காகப் போராடினார்கள். திருத்தணி வாசிக்குக் கிடைத்த அந்த உரிமை பழவேற்காட்டு மீனவனுக்கும் கிடைக்க வேண்டும். ராக்கெட் கிளம்பும் நாளில் கடலுக்குப் போகக் கூடாதென்றால் அவன் கரையில் காத்திருக்கிறான். தேசத்துக்காக அந்நாட் கூலியை விட்டுக்கொடுக்கிறான். அவன் குடியிருக்கும் கரை எப்படி ஆகவேண்டுமென்று தீர்மானிக்கும் சபையில் அவனுக்கு முதல் ஆசனம் கொடுப்பதற்குத் தேசம் ஏன் தயங்க வேண்டும்?

திருத்தணி செல்லும் தொண்டர்கள் அடுத்த முறை பழவேற்காட்டுக்கும் ஒரு நாள் ஒதுக்கட்டும். கோட்டை இடிபாட்டையும் பூநாரையையும் பார்த்துவிட்டு, குப்பத்தாரோடு உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்கட்டும். கேட்டதை ஊருக்குத் திரும்பியதும் தத்தம் சட்டசபை அங்கத்தினரிடம் எடுத்துச் சொல்லட்டும்.