இரு கண்களும் ஒரு காட்சியும்



ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். நூல் முனை ஊசிக்காதுக்கு முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா என்று தெரியாமல் தடுமாறுவோம். இரு கண்களையும் திறந்தால் வேலை எளிதாகிவிடும். ரப்பர் மரம் சீவுவோரையும் எண்ணிப் பாருங்கள். கத்தி கட்டையில் பட்டுக் காயம் உண்டாகாதபடி, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுச் சீவுகிறார்கள். அதற்குக் கைப்பழக்கத்தோடு இரு கண்களின் துணையும் வேண்டும்.

நம் கண்களுக்கு இடையே ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதியான இடைவெளி இருக்கிறது. ஆகவே ஒரே பொருளை இரு கண்களும் சிறிது மாறுபட்ட கோணங்களில் பார்க்கின்றன. இந்த இரு படங்களையும் மூளை ஒன்று சேர்த்து, எது கிட்டத்தில் இருக்கிறது, எது எட்டத்தில் இருக்கிறது என்று உணர்த்துகிறது. இந்த உண்மையை 1838ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிவியலறிஞர் சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கிக் காட்டினார்.

அப்படியானால் தட்டையான படத்திலும் ஆழத்தைக் காட்ட முடியுமா? முடியும். இடக்கண்ணுக்குரிய படம் இடக்கண்ணுக்கு மட்டும், வலக்கண்ணுக்குரியது வலக்கண்ணுக்கு மட்டும் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான். இதற்கு உதவுவது போலராய்டு தகடு.

ஒளி ஓர் அலை. சாதாரண ஒளி எல்லாப் பக்கமும் அதிர்கிறது. போலராய்டு தகடு ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விட்டு, அதற்குக் குறுக்கே அதிர்வதைத் தடுக்கிறது. கம்பி வேலியின் இடுக்கில் ஒரு பலகையை நுழைப்பதுபோல் இதை எண்ணிக்கொள்ளலாம்: நேராகப் பிடித்தால் நுழையும், குறுக்கே பிடித்தால் நுழையாது. ஒரு மூக்குக்கண்ணாடியின் இரு பக்கங்களிலும் ஒன்றுக்கொன்று குறுக்கான தகடுகளை வைத்தால், இரண்டு படங்களையும் பிரித்துவிடலாம்.

இனி, வீட்டில் செய்யும் முறையைப் பார்ப்போம். வேண்டியவை: ஒரே மாதிரியான இரண்டு பழைய எல்.சி.டி. கணினித் திரைகள், இரண்டு திரைகளை இணைக்கக்கூடிய ஒரு கணினி, பாதி ஒளியை ஊடுருவவிட்டுப் பாதியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிப் பலகை ஒன்று, முப்பரிமாணப் போலராய்டு மூக்குக்கண்ணாடி ஒன்று. சாதாரணச் சன்னல் கண்ணாடி போதாது. அது மிகக் குறைந்த ஒளியையே திருப்பி அனுப்பும். வெயிலுக்கு அணியும் போலராய்டு கண்ணாடியும் உதவாது. அதன் இரு பக்கங்களும் ஒரே திசையில் அமைந்தவை. சினிமா அரங்குகளில் தருபவற்றில் பல வேறு வகையைச் சேர்ந்தவை.

எல்.சி.டி. திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே ஒரே திசையில்தான் அதிர்கிறது. பல பழைய திரைகளில் அது 45 பாகை சாய்ந்திருக்கும். மூக்குக்கண்ணாடியைச் சாய்க்காமல் பிடித்து, ஒவ்வொரு பக்கத்தின் வழியாகவும் திரையைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் வெளிச்சமும் மறு பக்கத்தில் இருளும் தெரிந்தால் அந்தத் திரை நமக்கு ஏற்றது. இரண்டிலும் ஒரே அளவு வெளிச்சம் தெரிந்தால் வேறு திரையைத் தேட வேண்டும்.

ஒரு திரையை நிமிர்த்தி வையுங்கள். மற்றதை அதன் அடியில், நம் பக்கமாக, முகம் மேலே பார்க்கும்படி படுக்க வையுங்கள். விரித்த புத்தகம்போல் இரண்டும் செங்கோணமாக நிற்கும். இரண்டும் சந்திக்கும் மூலையிலிருந்து, கண்ணாடிப் பலகையின் மேல்முனை நம்மை நோக்கிச் சாயும்படி 45 பாகையில் பொருத்துங்கள். பலகை திரையின் அகலமும், அதன் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளமும் இருக்க வேண்டும். நிமிர்ந்த திரை ஊடுருவித் தெரியும். படுத்த திரை அதன் மேலேயே பிரதிபலிக்கும். பிரதிபலிக்கும்போது ஒளியின் சாய்வு எதிர்ப்பக்கமாகத் திரும்பிவிடுகிறது. ஆகவே தனியாக வேறு தகடு ஒட்ட வேண்டியதில்லை. பிரதிபலிக்கும் படத்தை மட்டும், பார்ப்பதற்கு நேராக வரும்படி, கணினியிலேயே கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டிக்கொள்ள வேண்டும்.

படங்களை நாமே எடுக்கலாம். இரண்டு மீட்டர் தொலைவிலுள்ள பூந்தொட்டியை ஒரு முறை படமெடுத்து, கைப்பேசியை ஆறு சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தி மறுமுறை எடுங்கள். இன்னும் கிட்டத்திலுள்ள பொருளென்றால் குறைவாக நகர்த்துங்கள். காற்றில் ஆடும் பொருள் உதவாது. தலையைச் சாய்த்துப் பார்த்தாலோ, திரைகள் சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழாவிட்டாலோ இரட்டை நிழல் தோன்றும்.

பெற்றோர்களே, கண்ணாடி விளிம்புகளுக்கு நாடா ஒட்டுங்கள். திரைகளை உடைத்துத் திறக்க வேண்டாம். உள்ளே மின்சார ஆபத்து உண்டு.

இந்தக் கருவி தரும் பயன் இன்னொன்றும் உண்டு. வீட்டில் எல்லாரும் "பூ வெளியே வந்து நிற்கிறதே!" என்று வியக்கும்போது, ஒரு பிள்ளை மட்டும் "எனக்கு வெறும் படமாகத்தானே தெரிகிறது" என்று சொன்னால், ஏளனம் செய்யாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு கண்ணின் பார்வை குறைந்திருக்கலாம். மற்றக் கண் நன்றாகத் தெரிவதால் பிள்ளைக்கே அது தெரிவதில்லை. பார்வை குறைந்த கண்ணை மூளை பயன்படுத்தாமல் விட்டுவிடுவதும் உண்டு. சிறு வயதிலேயே கண்டறிந்தால், மூக்குக்கண்ணாடி அணிவித்தோ, நல்ல கண்ணைச் சில மணி நேரம் மறைத்துவைத்தோ மருத்துவர்கள் பெரும்பாலும் சீர்செய்வார்கள். ஆண்டுகள் கடந்தால் அது கடினமாகும். இந்த விளையாட்டு மருத்துவப் பரிசோதனை ஆகாது. ஆனால் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல அது தக்க காரணமாகும்.

பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பாருங்கள், நேயர்களே. ஒளியின் பாடம் ஒன்று கைக்கு வரும்; பிள்ளையின் கண்ணைப் பற்றிய செய்தியும் காலத்தோடு தெரியவரும்.