கணினியை எழுப்புவது யார்?

சேத்தியாத்தோப்பு, நெய்வேலி வட்டாரத்தில் பல வீடுகளின் பரணில் ஒரு பழைய கணினி உறங்குகிறது. அப்பா வாங்கிய மேசைக்கணினியாக இருக்கலாம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில், பிளஸ் டூ படித்த அக்காவுக்குக் கிடைத்த மடிக்கணினியாகவும் இருக்கலாம். அதை இறக்கித் தூசி தட்டி ஆன் செய்தால் தேதி பல ஆண்டுகள் பின்னே நிற்கும், இணையப் பக்கங்கள் திறக்காது. "அது செத்துப்போச்சு, காயலான் கடைக்குப் போடு" என்பார்கள் வீட்டில். பெரும்பாலும் அது சாகவில்லை பிள்ளைகளே. உள்ளே இருக்கும் ஒரு சிறு பேட்டரிதான் தீர்ந்திருக்கும்.

ஆன் செய்த நொடியில் கணினிக்கு ஒன்றுமே தெரியாது. மின்சாரம் போனதும் அதன் நினைவகம் வெறுமையாகிவிட்டது. விண்டோஸோ லினக்ஸோ ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. ஆனால் ஹார்டு டிஸ்க்கைப் படிப்பது எப்படி என்று யாராவது சொல்லித்தர வேண்டுமே! நெய்வேலி அனல்மின் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் தயாரிக்கும் இடம்தான். ஆனாலும் முழுதாக நின்றுபோனால், பம்புகளையும் விசிறிகளையும் ஓட்டித் திரும்பத் தொடங்க அதற்கே வெளியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் தேவை. கணினிக்கு அப்படி முதல் கை கொடுப்பது மதர்போர்டில் ஒரு சில்லுக்குள் நிரந்தரமாக எழுதப்பட்ட சிறிய நிரல். அதன் பெயர் பயாஸ். விசைப்பலகை, நினைவகம், டிஸ்க் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்துவிட்டு, விண்டோஸை எழுப்பி வேலையை ஒப்படைக்கும்.

கடையில் பாகங்கள் வாங்கிப் பொருத்திய கணினிகள் பலவற்றில் 'அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ்' என்ற பெயர் முதலில் தெரியும். பயாஸ் எழுதும் நிறுவனம் அது. 1985-இல் அமெரிக்காவில் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் சுப்பிரமணியன் சங்கர். சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு.

பயாஸின் அமைப்புத் திரைக்குள் நாமும் போகலாம். ஆன் செய்ததும், விண்டோஸ் சின்னம் வருவதற்குள் உரிய பொத்தானை விட்டுவிட்டு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பொருத்திய கணினிகளில் அநேகமாக டெலீட். டெல் கணினியில் எஃப்2. எச்பியில் எஃப்10. லெனோவோ, ஏசர் மடிக்கணினிகள் பலவற்றிலும் எஃப்2. எந்தப் பொத்தான் என்று திரையின் அடியில் ஒரு வரி மின்னி மறையும்; கண்ணை அங்கேயே வையுங்கள். மிகப் பழைய கணினியில் யுஎஸ்பி விசைப்பலகை வேலை செய்யாமல் போனால், வட்ட முனை உள்ள பழைய விசைப்பலகையை, கணினியை அணைத்துவிட்டுச் செருகிப் பாருங்கள்.

நீலத் திரை வரும். மவுஸ் நகராது, அம்புக்குறிகள்தாம் வழி. முதல் பக்கத்தில் தேதியும் நேரமும் இருக்கும். இன்னொரு பக்கத்தில், ஹார்டு டிஸ்க்கை முதலில் பார்ப்பதா, பென்டிரைவை முதலில் பார்ப்பதா என்ற வரிசை இருக்கும். புரியாத எதையாவது மாற்றிவிட்டீர்களா? சேமிக்காமல் வெளியேறும் தேர்வு உண்டு; அதைக் கொடுத்தால் பழையபடியே இருக்கும். வோல்டேஜ், பாஸ்வேர்டு என்று எழுதிய இடங்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கணினி அணைந்திருக்கும்போது தேதி எப்படி நகர்கிறது? அங்கேதான் அந்தச் சிறு பேட்டரி வருகிறது. சிஆர்2032 என்று அதன்மேல் எழுதியிருக்கும்: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். அது ஒரு துளி குவார்ட்ஸ் படிகத்தை நொடிக்கு 32,768 முறை அதிர வைக்கிறது. ஏன் இந்த விசித்திர எண்? ஒரு தாளில் அதைப் பாதியாக்கிக்கொண்டே போங்கள். 16,384, 8,192, 4,096... பதினைந்தாவது முறை சரியாக 1 வரும். எண்ணைப் பாதியாக்குவது மின்சுற்றுக்கு மிக எளிய வேலை. ஆகவே பதினைந்து முறை பாதியாக்கினால் ஒரு நொடி துல்லியமாகக் கிடைத்துவிடுகிறது. எவ்வளவு அழகான கணக்கு! உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் இருப்பதும் பெரும்பாலும் இதே எண்தான்.

பயாஸ் அமைப்புகளை வைத்திருக்கும் 'சீமாஸ்' என்ற சிறு நினைவகத்தையும் பேட்டரியே காக்கிறது. 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் அது வெறும் 64 பைட். அமைப்புகளோடு அவற்றின் கூட்டுத்தொகையையும் ('செக்சம்') பயாஸ் குறித்துவைக்கும். பேட்டரி தீர்ந்தால் கூட்டல் பொருந்தாது. உடனே 'சீமாஸ் செக்சம் எரர்' என்று திரையில் சொல்லிவிட்டு, தேதியை ஏதோ ஒரு பழைய ஆண்டுக்குக் கொண்டுபோய்விடும். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்ற சான்றிதழ் வைத்திருக்கிறது. உங்கள் கணினி இது 2009 என்று நம்பினால், அந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லையே! அதனால்தான் பக்கம் திறப்பதில்லை.

மேசைக்கணினியில் பேட்டரி மாற்றுவது எளிது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மடிக்கணினியைப் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது. பழைய பேட்டரியைக் குழந்தைகள் கையில் கிடைக்க விடாதீர்கள். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். அப்படி நேர்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பரண்மேல் இருக்கும் கணினியைக் காயலான் கடைக்குக் கொடுப்பதற்கு முன், அந்த நீலத் திரையை ஒருமுறை திறந்து தேதியைப் பாருங்கள்.