கை வைக்கும் முன் காரணம் தெரியணும்!

'கழுத்துல ஒரு சொடக்கு எடுத்து விடுங்க டாக்டர்... எல்லாம் சரியாப் போயிடும்!'

புதுக்கோட்டையில் என்னிடம் வருகிறவர்களில் வாரத்துக்கு நாலு பேராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். கணினி முன்னால் குனிந்தே உட்கார்ந்திருக்கும் வங்கி ஊழியர், தினமும் டூ வீலரில் பள்ளிக்கூடம் போய் வரும் ஆசிரியை, நடவுக்குப் போகிற அம்மா, ஆதனக்கோட்டைப் பக்கம் நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து முந்திரி உடைக்கிறவர்... தொழில்தான் வேறு வேறு. கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் என்று வலி எல்லோருக்கும் பொது.

இப்போது கூடவே இன்னொரு கேள்வியும் வருகிறது. 'ஆஸ்டியோபதின்னு ஒண்ணு இருக்காமே, மருந்தே இல்லாம கையாலேயே வலியை எடுக்கிறாங்களாமே... அது நம்ம ஊர்ல சுளுக்கு எடுக்கிற மாதிரியா?'

நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் பிறந்த கை வைத்தியம்

ஆஸ்டியோபதியைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க டாக்டர். 1864-ல் மூளைக் காய்ச்சலுக்குத் தன் பிள்ளைகளையே பறிகொடுத்தவர். பாதரச உப்பைக் கொடுத்து பேதியாக்குவதையும், ரத்தத்தை வடிப்பதையும் வைத்தியம் என்று நம்பிய காலம் அது. அந்த மருந்துகளில் நம்பிக்கை இழந்த ஸ்டில், 1874-ல் தன் புதிய முறையை அறிவித்தார். 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் இதற்கென்று ஒரு கல்லூரியும் தொடங்கினார்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். உடம்பு முழுக்க ஒரே இயந்திரம். எலும்பும் மூட்டும் சதையும் சரியாக அசைந்தால் ரத்த ஓட்டம் சீராகும். உடம்பு தன்னைத் தானே சரி செய்துகொள்ளும். ஏறக்குறைய எல்லா நோய்க்கும் இதுவே வழி என்று அவர் நம்பினார். அதை இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை. ஆனால் சதை, மூட்டு வலிகளில் அவருடைய முறைக்கு ஓர் இடம் இருக்கிறது.

இன்று அமெரிக்காவில் இந்தப் படிப்பு படித்தவர்கள் மருந்து எழுதி, ஆபரேஷனும் செய்கிற முழு டாக்டர்கள். பிரிட்டனில் 1993-ல் வந்த சட்டப்படி பதிவு செய்துகொண்டுதான் தொழில் நடத்த முடியும். அங்கே அவர்கள் பெரும்பாலும் கையால் மட்டுமே சிகிச்சை தருகிறார்கள்.

கை என்ன செய்கிறது?

முதலில் கை தேடுகிறது. நீங்கள் நிற்பது, நடப்பது, குனிவது எல்லாவற்றையும் கவனிக்கிறார்கள். எந்த மூட்டு அசையத் தயங்குகிறது, எந்தச் சதை கயிறு மாதிரி இறுகியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்கிறார்கள். இடுப்பு வலிக்கிறது என்று போனால் தொடையையும் கணுக்காலையும்கூடப் பார்ப்பார்கள்.

அதன் பிறகுதான் சிகிச்சை. இறுகிய சதையை அழுத்திப் பிசைந்து இளக்குவது ஒரு வகை. மூட்டை அதன் எல்லைக்குள் மெல்ல அசைத்துப் பழக்குவது இன்னொரு வகை. 'என் கையை எதிர்த்துத் தள்ளுங்க' என்று சில வினாடி தள்ளச் சொல்லி, நீங்கள் தளர்த்தியதும் அந்தச் சதையை நீட்டிவிடுவதும் உண்டு. வலி குறைகிற கோணத்தில் உடம்பைச் சுமார் ஒன்றரை நிமிடம் அப்படியே தாங்கிப் பிடித்திருப்பதும் உண்டு. கடைசியாக, 'டக்'கென்று ஒரு சிறு தள்ளு. அப்போது வரும் சத்தம், எலும்பு இடம் மாறி உட்காரும் சத்தம் அல்ல. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் மாறி, வாயுக் குமிழி உண்டாகும்போது வருவது. சத்தம் வந்தால்தான் குணம் என்று எண்ண வேண்டாம்.

நம்மிடம் இருக்கும் தொக்கணம்

இதையெல்லாம் படிக்கும்போது எனக்குச் சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த தொக்கணம்தான் நினைவுக்கு வரும். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் அது ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது விதம். பிடித்தலும் அழுத்தலும் சதையை இளக்க, அசைத்தல் மூட்டைப் பழக்க. ஆஸ்டியோபதியின் சில உத்திகளுக்கு இவை நெருங்கிய சொந்தம்.

வித்தியாசமும் உண்டு. நாங்கள் வாதம் கெட்டிருப்பதைக் கணக்கில் எடுத்து, நோய்க்கேற்ற தைலத்தையும் உள்மருந்தையும் சேர்க்கிறோம். கழுத்து வலியில் சகன வாதம், தோள் இறுகிப்போனால் கும்ப வாதம், முழங்கால் தேய்மானத்தில் அழல் கீல்வாயு என்று பிரித்துப் பார்க்கிறோம். ஆனால், முதலில் கையால் தேடு, பிறகு கை வை என்ற பாடம் இரண்டுக்கும் ஒன்றே.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

நாள்பட்ட இடுப்பு வலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், கையால் செய்யும் முதுகுத்தண்டு சிகிச்சை, மசாஜ் ஆகியவை உதவக்கூடும் என்கிறது. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொள்வதை அது பரிந்துரைக்கவில்லை. 'பெல்ட் போட்டுத்தான் மாவு ஆட்டுறேன்' என்கிறவர்கள் கவனிக்கவும்!

தேய்ந்த முழங்கால் ஜவ்வை எந்தக் கையும் வளர்த்துத் தராது. பிடிப்பைத் தளர்த்தி, வலியைக் குறைத்து, உங்களை நடமாட வைக்கும். அந்த நேரத்தில் பயிற்சி செய்து சதையைப் பலப்படுத்திக்கொள்ள வேண்டியது நீங்கள்தான். 'வாராவாரம் வந்து எடுத்துக்கிட்டே இருங்க' என்று மட்டும் ஒருவர் சொன்னால், அது சிகிச்சை இல்லை, பழக்கம்.

சொடக்கும் உதையும்

முடி வெட்டிய கையோடு கழுத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் திருகி விடுகிறார்களே, அதை தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்கள் கழுத்தெலும்பின் துவாரங்கள் வழியாகவே மேலே ஏறுகின்றன. திடீர்த் திருகலில் அதன் உட்சுவர் கிழிந்தால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான். ஆனால் வந்துவிட்டால்?

இன்னொன்று, காலால் பிறந்தவரைத் தேடிப் போய் முதுகில் உதை வாங்குவது. சாதாரண முதுகுப் பிடிப்பு சில நாளில் தானாகவே விட்டுவிடும். பெயர் உதைத்தவருக்குப் போகும். மாதவிலக்கு நின்ற, எலும்பு மெலிந்துபோன பாட்டியம்மாவை உதைத்தால் முதுகெலும்பே நொறுங்கிவிடலாம்.

தடவவே கூடாத வலிகள்

இந்த அறிகுறிகள் இருந்தால் தைலத்தைத் தேடாதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

* நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறலோடு வரும் இடது தோள், கை, தாடை வலி. ஒருமுறை ஒரு பெரியவர் 'வாயுப் பிடிப்பு, தைலம் தேய்ச்சு விடுங்க' என்று வியர்த்தபடி வந்தார். தொடவே இல்லை; ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். மாரடைப்பு.

* இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் நிற்பது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப் போவது, கால் வலுவிழப்பது.

* காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி படுத்தாலும் விடாத வலி. காசநோய், புற்றுநோய் முதுகெலும்பைத் தாக்கினாலும் இப்படி வரும்.

* விழுந்த பிறகு வரும் வலி. முதலில் எக்ஸ்ரே.

* ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலிப்பது. ரத்தக்கட்டி இருக்கலாம், தேய்த்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும்.

தோள் தூக்க முடியவில்லையா? சர்க்கரையையும் பரிசோதியுங்கள். தோள் இறுக்கம் சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம்.

வீட்டில் செய்யக்கூடியது

சாதாரணப் பிடிப்புக்கு வெதுவெதுப்பான நல்லெண்ணெயை உள்ளங்கையால் சதையின் மேல் பத்து நிமிடம் மெதுவாகத் தடவலாம். எலும்பு மேல் அழுத்தக் கூடாது. நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கலாம். சூட்டை முதலில் உங்கள் கையில் வைத்துப் பாருங்கள்; சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சுடுவதே தெரியாது. நாள் கணக்கில் படுத்துக் கிடக்காதீர்கள். முடிந்த அளவு நடமாடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள்.

யாரிடமாவது கையால் சிகிச்சை எடுப்பதென்றால், சித்த மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ ஆஸ்டியோபதியோ, முதலில் அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். எப்போதிருந்து வலி, விழுந்தீர்களா, சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, மரத்துப் போகிறதா... இதில் ஒன்றையும் கேட்காமல் 'படுங்க' என்று சொல்கிறாரா? படுக்காதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்!