கேமிங் கம்ப்யூட்டர் வாங்க போறீங்களா? கலர் லைட்டை பார்த்து ஏமாறாதீங்க!

திட்டக்குடி:

பள்ளி, கல்லூரி மாணவர்கள் இப்போது வீட்டில் செல்போன் மட்டும் கேட்பதில்லை. "கேமிங் கம்ப்யூட்டர் வேணும்" என்று அடம் பிடிக்கிறார்கள்.

மக்காச்சோளம் விற்ற காசு, வெளிநாட்டில் இருந்து அப்பா அனுப்பிய பணம், நகைக்கடன் என்று எதையாவது புரட்டித்தான் பெற்றோர் வாங்கி கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு கேம் ஓடவில்லை என்றால் அந்த பணம் வெள்ளாற்றில் போட்ட மாதிரிதான்!

விருத்தாசலம், கடலூர் கடைக்கு போனாலும் சரி, சென்னை ரிச்சி தெருவுக்கே பஸ் ஏறினாலும் சரி, கண்ணாடி கேபினட்டும் கலர் லைட்டும் கேமை ஓட்டாது. உள்ளே இருக்கும் பொருள்தான் ஓட்டும்.

எதுக்கு அதிக பணம்?

கேமில் வரும் படத்தை நொடிக்கு 60 தடவைக்கு மேல் வரைந்து தள்ளுவது கிராபிக்ஸ் கார்டு. அதனால் மொத்த பணத்தில் 3-ல் ஒரு பங்கு இதற்கே போகும். பையன் விளையாடுவது எந்த கேம் என்று முதலில் கேளுங்கள். வேலரண்ட் போன்ற கேமுக்கு சாதாரண கார்டே போதும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன்-2 போன்ற கேமுக்கு நல்ல கார்டும், 150 ஜி.பி. இடமும் வேண்டும்.

பொருத்தம் முக்கியம்

கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற மாதிரி இதிலும் பொருத்தம் உண்டு. பிராசசர் உட்காரும் சாக்கெட்டும், மதர்போர்டில் உள்ள சாக்கெட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். டி.டி.ஆர்.4 ரேம், டி.டி.ஆர்.5 போர்டில் நுழையவே நுழையாது. 2022-ல் வந்த ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 போர்டுகளுக்கு டி.டி.ஆர்.5 ரேம் மட்டும்தான்.

2025 கடைசியில் ரேம் விலை எகிறியது. ஏ.ஐ. கம்பெனிகள் மெமரி சிப்புகளை அள்ளி கொண்டதே காரணம். 16 ஜி.பி. வாங்கினால் 8 ஜி.பி.யாக 2 போடுவது நல்லது. வேகம் கூடும்.

உயிரே இதுலதான்!

பலர் கோட்டை விடுவது எஸ்.எம்.பி.எஸ்.சில்தான். கேபினட்டோடு சும்மா வரும் மலிவான எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டிய வாட்ஸ் ஸ்டிக்கரை நம்ப முடியாது. அது வெடித்தால் போர்டு, கார்டு எல்லாத்தையும் சேர்த்து கொண்டு போய்விடும்.

ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு மட்டுமே 170 வாட்ஸ் இழுக்கும். இதற்கு 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்கிறது அதை தயாரித்த என்விடியா. '80 பிளஸ்' முத்திரை உள்ளதா என்று பாருங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் வீட்டில் எர்த் சரியாக இருக்க வேண்டும். சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ். சுமார் 360 வாட்ஸ்தான் தாங்கும்.

'ஐ-7' என்றதும் மயங்காதீங்க

"ஐ-7 பிராசசர், குறைந்த விலை" என்றால் எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். விண்டோஸ்-10க்கான இலவச ஆதரவு 14-10-2025 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ்-11க்கு இன்டெல்லில் பொதுவாக 8-ம் தலைமுறையாவது வேண்டும். 4-ம் தலைமுறை ஐ-7 இதில் தேறாது.

பழைய கிராபிக்ஸ் கார்டிலும் உஷார்! எத்தீரியம் மைனிங் 2022 செப்டம்பரில் நின்றதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. பழைய கார்டுக்கு புது பெயர் ஏற்றி விற்பதும் உண்டு. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச சாப்ட்வேரை ஓட்டினால் பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கரண்ட் பில்லும் இருக்கு

300 வாட்ஸ் இழுக்கும் கம்ப்யூட்டரை தினமும் 4 மணி நேரம் ஓட்டினால் 2 மாதத்துக்கு 72 யூனிட். இதையும் கணக்கில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

பில் இல்லாம வாங்காதீங்க

ஜி.எஸ்.டி. பில்லில் ஒவ்வொரு பொருளின் பெயர், சீரியல் நம்பர், வாரண்டி காலம் எழுதி வாங்குங்கள். அது இருந்தால் 1915 நம்பரில் புகார் செய்யலாம். கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் 2 வருடத்துக்குள் போகலாம். 2020-ம் ஆண்டு விதிப்படி, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு கட்டணம் கிடையாது.

பணம் பத்தவில்லையா? எஸ்.எம்.பி.எஸ்.சையும் மதர்போர்டையும் நல்லதாக போட்டுவிட்டு, கிராபிக்ஸ் கார்டை சின்னதாக வாங்குங்கள். அதை அப்புறம் மாற்றிக் கொள்ளலாம். முழு பணத்தையும் எண்ணி கொடுக்கும் முன்பு, பையன் கேட்ட கேமை கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு பாருங்கள்.